ஒரே போருக்கு இரண்டு சூடம்

எனக்குக் கைராசி இருப்பதாக ஆலங்குடி வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டவன் நானில்லை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம் வைத்திருக்கிறேன். காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்களின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்து, சர்க்கரை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அச்சடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. இதில் ராசிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்தேன், யாரும் பதில் சொல்லவில்லை.

ஆரம்பித்து வைத்தவர் ஒரு தேங்காய் வியாபாரி. சாலைக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற இன்னொரு கூடத்தில் பார்த்தபோது அவருக்குச் சர்க்கரை எகிறியிருந்தது. பயந்துபோனவர் வாயைக் கட்டினார், விடிந்ததும் நடந்தார், மாத்திரையை ஒழுங்காகப் போட்டார். பிறகு என்னிடம் வந்தார். சர்க்கரை இறங்கியிருந்தது. அவர் மாத்திரைக்கும் நன்றி சொல்லவில்லை, நடந்த கால்களுக்கும் சொல்லவில்லை.

"ஒங்க கை நல்ல கைங்க. நீங்க எடுத்தா சுகர் கொறைச்சலா வருது" என்று சொல்லிவிட்டுப் போனவர், அதைத் தேங்காய் மண்டி முழுக்கச் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து எனக்குச் சர்க்கரைக்காரர்களின் கூட்டம். "மக கல்யாணம் வருது, கொஞ்சம் பாத்து எடுங்க" என்று கையை நீட்டுகிறார்கள், நான் என்னமோ தராசு பிடிக்கிறவன் மாதிரி. கூடுதலாக வந்தால் என் மேல் வருத்தப்படுவார்களா என்றால், அதுவும் இல்லை. "நேத்து பந்தியில பாயசத்தை ரெண்டு வாட்டி வாங்கிட்டேன்" என்று காரணத்தை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். எதிர்ப்பக்கத்துக்காரர்தான் பாவம். அவரிடம் குறைவாக வந்தால் மெஷின் சரியில்லை என்கிறார்கள்.

ஒருவனுக்கு ராசி இருக்கிறது என்று ஊர் முடிவு செய்துவிட்டால் அதற்குப் பிறகு அவன் எதையும் செய்ய வேண்டியதில்லை, மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். புதுவீட்டுப் பால் காய்ச்ச என்னைக் கூப்பிட்டார்கள். கடலை விதைக்க முதல் பிடியை அள்ளிக் கொடுக்கச் சொன்னார்கள். ஒரு செல்போன் கடைக்கு ரிப்பன் வெட்டினேன், அந்தக் கடை கொஞ்ச மாதத்தில் மூடிப்போனது. கடைக்காரரை வழியில் பார்த்தபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவரோ என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க வந்து தொறந்து வச்சதாலதாங்க அந்த மட்டுக்காவது ஓடுச்சு" என்றார். மனுஷன் கண் கலங்கிவிட்டார்.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. என் ரத்தமும் சேர்ந்து என்னைக் காட்டிக்கொடுத்தது. எங்கள் பக்கத்தில் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு காட்டில் நடந்து, எங்கே போர் போட்டால் தண்ணீர் வரும் என்று பார்த்துச் சொல்கிறவர்கள் உண்டு. கீழே நீரோட்டம் இருந்தால் படுத்திருக்கும் தேங்காய் எழுந்து நிற்குமாம். அது ஓ பாசிட்டிவ் ரத்தம் உள்ளவர்களுக்குத்தான் நிற்கும் என்பது அதற்கு மேல் ஒரு நம்பிக்கை. அதனால் என்னிடம் ரத்த வகை பார்க்க வருகிறவர்களில் சிலர் ஆபரேஷனுக்காகவும் வருவதில்லை, டிரைவிங் லைசென்ஸுக்காகவும் வருவதில்லை. ஓ பாசிட்டிவ் என்று வந்துவிட்டால் தண்ணீர் பார்க்கிற தொழிலுக்குப் போகலாம் என்ற கனவோடு வருகிறார்கள். ஏ பாசிட்டிவ் என்று சொன்னால் முகம் தொங்கிப்போகிறது. "இன்னொரு வாட்டி எடுத்துப் பாருங்க, ஒங்க கைக்கு மாறி வரும்" என்று ஒருவர் விடாப்பிடியாக உட்கார்ந்திருந்தார்.

எனக்கு ஓ பாசிட்டிவ். இந்தச் செய்தி என் மனைவி வழியாக வெளியே போன நாளிலிருந்து, சொந்தத்தில் யார் போர் போட்டாலும் சூடம் கொளுத்த நான் போயாக வேண்டும் என்று ஆகிவிட்டது. சில இடங்களில் தண்ணீர் வந்தது. சில இடங்களில் புழுதிதான் வந்தது. புழுதி வந்த இடங்களை யாரும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவில்லை. ஞாபகப்படுத்தினால் "அன்னைக்கி செவ்வாக்கெழமை" என்கிறார்கள்.

இப்போது என் மதினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியப்பா மகனின் மனைவி. அண்ணன் சில வருஷங்களுக்கு முன்பு மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளைகள் இரண்டும் வெளியூரில் படிக்கின்றன. மதினி தனியாகத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார்.

அவர் ஜெகதாப்பட்டினத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். வந்த நாளிலேயே அவரைப் பற்றி எங்கள் ஊர் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டது. கடற்கரைப் பெண், சத்தமாகப் பேசும், மீனை மோந்து பார்த்தே எத்தனை நாள் ஆனது என்று சொல்லிவிடும். உண்மையில் அவருடைய அப்பா அங்கே மளிகைக் கடை வைத்திருந்தவர், வீட்டில் சைவம். அதை யார் கேட்டார்கள்? மீன் வாங்கிய பெண்கள் எல்லாம் செவுளைத் தூக்கிக் காட்டிக்கொண்டு புதுப்பெண் முன்னால் வந்து நின்றார்கள். தெரியாது என்று சொன்னபோது தலைக்கனம் என்றார்கள். அழாத குறையாகக் கற்றுக்கொண்டார். இன்றைக்கு அவர் வைக்கிற கருவாட்டுக் குழம்பின் வாசனைக்கு நான் ஆலங்குடியிலிருந்து வண்டியைத் திருப்புவேன். சாப்பிட்டு முடித்தவர்கள் ஏப்பத்தோடு சொல்வது ஒன்றைத்தான்: "என்ன இருந்தாலும் கடக்கரை ரத்தமில்ல."

அண்ணன் போன பிறகு ஊர் அவருக்கு இன்னொரு வேலையைக் கொடுத்தது. நல்ல காரியத்துக்குப் புறப்படுகிறவர்களுக்கு எதிரே வராமல் இருக்கிற வேலை. யாரும் வாயால் சொல்வதில்லை. அவர் தெருமுனையில் வருவது தெரிந்தால், பைக்கை ஸ்டார்ட் பண்ணியவர் அணைத்துவிட்டு வீட்டுக்குள் போய், உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுவார். அவ்வளவுதான், மரியாதையாகத்தான் நடக்கும்.

இதைப் பற்றி மதினி என்னிடம் ஒரு தடவை பேசினார். மதினிக்கும் கொழுந்தனுக்கும் கேலி பேச உரிமை உண்டு என்பதால் எல்லாவற்றையும் கேலியாகத்தான் பேசுவார்.

"நீங்க ரத்தத்தப் பாத்து என்னத்த தம்பி கண்டுபிடிக்கிறீங்க? எங்க தெருவுல ஒருத்தருக்கும் கிட்னியில கல்லு வராது. ஏன் சொல்லுங்க?"

"ஏன் மதினி?"

"நான் ஒரு நாளைக்கி நாலு தடவ வெளிய போறேன்ல. எல்லாரும் தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்காக."

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு எரிச்சல்பட்டேன். எனக்குச் சாதாரணமாகவே எரிச்சல் வரும், ஊசி குத்தும்போது மட்டும்தான் வராது. ஏனென்றால் அவர் தெருமுனை திரும்புவதற்கு முன்னால் ஒரு இருமல் இருமுவதை நான் கவனித்திருக்கிறேன். புறப்படுகிறவர்கள் யாராவது இருந்தால் முந்திப் போய்விடட்டும் என்று. நல்ல தொண்டை அது, சளி கிடையாது, நானே சோதித்திருக்கிறேன்.

அவருடைய தென்னந்தோப்பில் பெரிய மரங்கள் எல்லாம் புயலில் விழுந்துவிட்டன. அண்ணன் இருக்கும்போதே புதுக் கன்றுகள் வைத்தார்கள். அவர் போன பிறகு மதினிதான் அவற்றைத் தூக்கி நிறுத்தினார். போன வருஷம் முதல் பாளை வெடித்தது. இந்தக் கோடையில் பழைய போர் காலை வாரிவிட்டது. மோட்டாரைப் போட்டால் ஒரு செருமல், கொஞ்சம் காற்று, பிறகு ஒன்றுமில்லை. மட்டைகள் தொங்க ஆரம்பித்தன. புதுப் போர் ஒன்று போட மட்டும் மதினியால் முடியும். அதுவும் தண்ணீர் இல்லாமல் புகைந்துபோனால் இன்னொன்றுக்கு வழி கிடையாது, கன்றுகளைக் காய விட்டுவிட்டு மகள் படிக்கிற ஊரில் ஏதாவது வேலை தேடிக்கொள்ள வேண்டியதுதான் என்று என்னிடம் சொன்னார். அன்றைக்குக் கேலி இல்லை.

பொறுப்பைச் சித்தப்பா எடுத்துக்கொண்டார். எங்கள் அப்பாவின் கடைசித் தம்பி. மதினிக்குச் சின்ன மாமனார். நல்ல மனுஷன், மதினிக்கு ஒன்று என்றால் முதலில் ஓடி வருகிறவர். வந்து நின்று செய்கிற ஏற்பாடுகள்தான் ஆளைக் கொல்லும். தேங்காய் வைத்துத் தண்ணீர் பார்க்கிறவரைக் கூட்டி வந்து இடம் குறித்தார். திருச்செங்கோட்டுப் பக்கத்து போர் லாரிக்குச் சொன்னார். எனக்கு போன் போட்டு, "நீ காலையில வெறும் வயித்தோட வந்துரு" என்றார். ரத்தம் எடுக்கவா சித்தப்பா என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மதினியிடமும் சொல்லியிருக்கிறார். "ஏத்தா, அன்னைக்கி மட்டும் நீ வீட்டுல இரு. தண்ணி வந்ததும் ஆள் அனுப்புறேன். தப்பா நெனைச்சுக்காத."

"சரி மாமா. லாரிக்காரவுகளுக்குச் சாப்பாடு?"

"அதெல்லாம் நீ ஒண்ணும் கவலைப்படாத. இந்திக்காரப் பயலுக. சப்பாத்திய விட்டா வேற ஒண்ணுந் திங்க மாட்டானுக. கடையில சொல்லிட்டேன்."

போர் போடுகிற நாளில் நான் போய்ச் சேர்ந்தபோது மதினி தோப்பில்தான் நின்றார். கையில் சோற்றுக் குண்டானும் குழம்புச் சட்டியும். சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். இரண்டு சித்திகளும் நாலைந்து பங்காளிகளும் ஒரு வரிசையாக நின்று லாரியைப் பார்ப்பதுபோல மதினியைப் பார்த்தார்கள்.

லாரியோடு வந்த மேனேஜருக்கு இது எதுவும் தெரியாது. அவர் வந்து இறங்கியதும், எந்தப் பக்கம் வண்டியை விடுவது, எந்தக் கன்றின் மேல் சக்கரம் ஏறக் கூடாது, கழிவுத் தண்ணீர் எங்கே போக வேண்டும் என்று எல்லாவற்றையும் மதினிதான் சொல்லியிருக்கிறார். அந்த மனுஷர் அதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். குறித்த இடத்தில் மஞ்சள் தெளித்து, எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்தாயிற்று. நான் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் போனேன். அவர் என்னைத் தாண்டி மதினியைப் பார்த்து, "வாங்கம்மா. எடத்துக்காரங்கதானுங்க சூடங் கொளுத்தோணும்" என்று தட்டை நீட்டினார்.

மதினி குண்டானைக் கீழே வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்தார். போய் வாங்கிக் கொளுத்தினார். ஒரே குச்சியில் பற்றிக்கொண்டது.

சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தேன். யாரோ செத்துப்போன செய்தி வந்தது மாதிரி இருந்தது. சூடம் எரிந்து முடிந்தது. பிறகு அவர் என் முழங்கையைப் பிடித்து இங்கிட்டு இழுத்துக்கொண்டு வந்தார்.

"நீ ஒண்ணு கொளுத்திரு."

"அதான் கொளுத்தியாச்சே சித்தப்பா."

"அது சேராது. நீ கொளுத்துனா அதை அழிச்சிரும்."

"அப்ப எனக்குப் பெறகு இன்னொருத்தர் கொளுத்துனா என்னை அழிச்சிருமா?"

"வெளையாடாதடா. காரியத்தப் பாரு."

என்ன கணக்கு இது என்று கத்தலாம்போல இருந்தது. மதினியைப் பார்த்தேன். கொளுத்துங்க தம்பி என்பதுபோலத் தலையை ஆட்டினார். கொளுத்தினேன். என் சூடம் காற்றில் அணைந்து போய், மூன்று குச்சி கிழித்த பிறகுதான் பற்றியது. அதை யாரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

சித்தப்பாவுக்கு அதிலும் திருப்தியில்லை. லாரியை வெளியே எடுத்து, ஒரு தடவை ரோட்டுக்குப் போய்விட்டு, புதுசாக உள்ளே வரச் சொல்ல முடியுமா என்று மேனேஜரிடம் கேட்டார். மேனேஜர் அவரை மேலிருந்து கீழே பார்த்தார்.

"ஏனுங்க, லாரிய என்ன மாட்டு வண்டின்னு நெனைச்சீங்களா?"

துளை போட ஆரம்பித்தார்கள். காது கிழிகிற சத்தம். கொஞ்ச ஆழத்தில் மண் லேசாக ஈரமாக வந்தது. ஒரு பங்காளி அதைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்து, என்னிடம் கொண்டுவந்து காட்டி, "ஒங்க கை பேசுதுண்ணே" என்றார். நானும் உள்ளுக்குள் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டேன் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த மாதிரிப் பேச்சு காதில் விழுந்தால் யாருக்கும் இடுப்பு நேராகிவிடும்.

அப்புறம் பாறை. ஈரம் போய் வெள்ளைப் புழுதி கிளம்பியது. எல்லாரும் தலை நரைத்தவர்களாக நின்றோம். பைப்புக்கு மேல் பைப்பாக மாட்டி இறக்கினார்கள், புழுதிதான் வந்துகொண்டிருந்தது. பங்காளிகளின் பேச்சு மெல்ல மாறியது. சின்னச் சித்தி, "மொதல்ல கொளுத்துன சூடம் இப்பத்தான் வேலையக் காட்டுது" என்றார். கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்ப நான் கொளுத்துனது எங்க போச்சு சித்தி?"

"ஒன் சூடம் இல்லாட்டி அந்த ஈரமும் வந்திருக்காதுப்பா."

செல்போன் கடைக்காரர் இந்த அம்மாவிடம்தான் பாடம் படித்திருப்பார்போல. ஈரம் வந்தால் என் சூடம், புழுதி வந்தால் மதினியின் சூடம். இரண்டும் ஒரே டப்பாவிலிருந்து எடுத்தது. ஒரே குழி, ஒரே லாரி, ஒரே பாறை. எங்கள் கூடத்தில் ஒரே ரத்தத்தை இரண்டு குழாயில் ஊற்றி, ஒன்றில் நல்லதை மட்டும் எழுதி மற்றதில் கெட்டதை மட்டும் எழுதிக் கொடுத்தால் என்னைக் கட்டி வைத்து உதைப்பார்கள். இங்கே அதைத்தான் வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர்கள் செய்துகொண்டிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இதையெல்லாம் கோவையாகச் சொல்ல வாயைத் திறந்தேன், வாய் நிறையப் புழுதி போனது.

சித்தப்பா மதினியிடம் போனார். கத்தவில்லை. கெஞ்சுகிற குரலில்தான் சொன்னார். "ஆத்தா, கொஞ்ச நேரம் அங்கிட்டுப் போயி அந்தப் புளிய மரத்தடியில உக்காரு. ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

மதினி அவரையும் குழியையும் பார்த்தார். "சரி மாமா" என்று குண்டானைத் தூக்கிக்கொண்டு போனார். வேலி ஓரத்துப் புளிய மரத்தடியில், எங்களுக்கு முகத்தைக் காட்டியபடி உட்கார்ந்தார்.

சாப்பாட்டு நேரம் வந்தது. லாரிப் பையன்கள் இரண்டிரண்டு பேராக மாற்றிக்கொண்டு வந்தார்கள். சித்தப்பா பெருமையோடு சப்பாத்திப் பொட்டலங்களைப் பிரித்து வைத்தார். அவர்கள் ஒரு பொட்டலத்தைத் திறந்து பார்த்து, மூக்கை உயர்த்திக் காற்றை மோந்து, நேராகப் புளிய மரத்தடிக்குப் போய்விட்டார்கள். சோற்றில் கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்து அவர்கள் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்தால் கடல் ஓரத்தில் பிறந்தவர்கள் தோற்றுப்போவார்கள். மேனேஜரிடம் விசாரித்தேன். அவர்கள் ஊரில் ஆற்று மீனும் சோறும்தான் மூன்று வேளையும் என்றார். சித்தப்பா நம்பவில்லை. "பசியில திங்கிறானுக" என்றார். வாங்கிய சப்பாத்தி வீணாகக் கூடாது என்று குருமாவில் நனைத்து அவரே தின்ன வேண்டியதாயிற்று. எனக்கும் இரண்டு கொடுத்தார். மரத்தடியிலிருந்து வந்த வாசனையில் அது தொண்டையில் இறங்கவில்லை.

அதன் பிறகும் புழுதி. பேசின ஆழம் முடிந்துவிட்டது. மேனேஜர் மெஷினை நிறுத்தினார். திடீரென்று வந்த அமைதியில் காது அடைத்துப்போனது. "என்னங்க பண்றது? எடுத்தர்லாமா, இன்னும் எறக்கோணுமா?" என்று பொதுவாகக் கேட்டார்.

சித்தப்பா குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துண்டால் முகத்தைத் துடைத்தார். "வெறும் பாறைதான். போட்டது போதும், எடுத்துருங்க. அவளுக்குக் குடுப்பினை இல்ல, அவ்வளவுதான்" என்றார். சொல்லும்போது அவரே அழுகிற நிலையில்தான் இருந்தார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"நிப்பாட்ட வேணாம்!"

புளிய மரத்தடியிலிருந்து மதினி ஓடி வந்துகொண்டிருந்தார். நடை இல்லை, ஓட்டம். கையில் குழம்பு அகப்பையை வைத்துவிட்டு வரக்கூட நேரமில்லைபோல, அதையும் பிடித்துக்கொண்டு வந்தார். மூச்சு வாங்க மேனேஜர் முன்னால் நின்றார்.

"இன்னும் எறக்குங்கண்ணே. நான் சொல்றேன், எறக்குங்க."

சித்தப்பா குறுக்கே வந்தார். "ஒன்னை அங்கிட்டு உக்காரச் சொன்னேன்ல?"

"உக்காந்தேன் மாமா. இப்ப எந்திரிச்சுட்டேன்."

மேனேஜருக்கு யார் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பதில் காலையிலிருந்தே குழப்பமில்லை. பையன்களுக்குக் கையைக் காட்டினார். கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டவர்கள் உற்சாகமாகப் பைப்பைத் தூக்கினார்கள். மெஷின் மறுபடி அலற ஆரம்பித்தது. மதினி குழியை ஒட்டி நின்றுகொண்டார். சின்னச் சித்தி போய்க் கையைப் பிடித்து இழுத்தார். மதினி அகப்பையைத் தூக்கவில்லை, ஆனால் தூக்குவார்போல நின்றார். சித்தி திரும்பி வந்துவிட்டார்.

புழுதி நின்றது. முதலில் எனக்குப் புரியவில்லை, காற்று திசை மாறிவிட்டது என்று நினைத்தேன். குழியிலிருந்து சாம்பல் நிறத்தில் சேறு கொப்பளித்தது. அடுத்த மூச்சில் தண்ணீர் கிளம்பியது, லாரி உயரத்துக்கு. தோப்பு முழுக்கச் சேற்று மழை. அந்த நேரம் பார்த்து சித்தப்பா மதினியை அங்கிட்டுப் போ என்று சொல்ல வாயைத் திறந்திருந்தார். சொல்ல வந்தது உள்ளே போய், அதன் மேல் ஒரு கை சேறும் போனது. துப்பி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. துப்பிக்கொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். சித்திகள் குலவை போட்டார்கள். லாரிப் பையன்கள் அவர்கள் பாஷையில் ஏதோ கூவினார்கள்.

பிறகு எல்லாரும் என்னிடம் வந்தார்கள்.

ஆமாம், என்னிடம்தான். ஒரு பங்காளி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஓ பாசிட்டிவ்னா சும்மாவா" என்றார் இன்னொருவர். சித்தப்பா தட்டில் மிச்சமிருந்த சந்தனத்தை எடுத்து, சேறு வழிகிற என் நெற்றியில் பட்டையாகப் பூசினார். "நீ ரெண்டாவதா கொளுத்துனியே, அதுல அழிஞ்சிச்சு பாரு" என்றார். நான் காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது எல்லாம் ஒன்றாக வந்துவிட்டது. எறக்கச் சொன்னது மதினி, பக்கத்தில் நின்றது மதினி, நிப்பாட்டச் சொன்னது நீங்கள், சப்பாத்தி தின்றுகொண்டிருந்தது நான் என்று கத்தினேன். மெஷின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. நான் சந்தோஷத்தில் கத்துகிறேன் என்று நினைத்து அவர்களும் சேர்ந்து கத்தினார்கள்.

மதினி தலையிலிருந்து கால் வரை சேறாக நின்றார். அவர் காதுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கேட்டீங்களா மதினி, எல்லாம் என் ராசியாம்."

"இருந்துட்டுப் போகட்டும் தம்பி. ஒங்க ராசியாவே இருக்கட்டும்."

"ஒங்களுக்குக் கோவம் வரலையா?"

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வேறொன்று மனதில் நின்றது. அதைக் கேட்டேன்.

"எப்படி மதினி தெரியும், இன்னும் எறக்குனா வரும்னு?"

"எனக்கென்ன தெரியும். நீங்கதான தேங்கா எந்திரிக்கிற ரத்தம்."

"அப்ப எதுக்கு அப்படி விழுந்தடிச்சு ஓடி வந்தீங்க?"

அவர் முகத்துச் சேற்றைத் துடைத்தார். துடைத்த இடத்தில் கண் சிவந்திருந்தது. அது சிரிப்பால் வந்ததில்லை.

"மரத்தடியில உக்காந்து தண்ணி வரணும் தண்ணி வரணும்னுதான் தம்பி வேண்டுனேன். அப்பத் திடீர்னு ஒரு பயம் வந்துச்சு. நான் இங்கிட்டு உக்காந்திருக்கையில வந்துட்டா என்ன செய்யிறதுன்னு. மரமெல்லாம் பொழைச்சிரும். ஆனா நான் தள்ளிப் போனதாலதான் வந்துச்சுன்னு ஆயிரும்ல. அதுக்குப் பெறகு நான் எங்கிட்டும் போயி நிக்க முடியாது. எம் மக கல்யாணத்துலகூட நானே அங்கிட்டுப் போயி உக்காந்துக்குவேன்."

என் நெற்றிச் சந்தனத்தைப் புறங்கையால் துடைத்தேன்.

"எப்ப வருமோ, எந்த நிமிசம் வருமோன்னு இருந்துச்சு. அதான் அது வாரதுக்குள்ள நான் வந்துரணும்னு ஓடியாந்தேன்" என்றார்.

அகப்பையை என் கையில் கொடுத்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, முதல் கன்றுக்கு வாய்க்கால் வெட்டிவிடப் போனார்.